ஆயுத பூஜைக்கு விடுப்பு எடுக்க வேண்டுமா?

கேள்வி கேட்டிருக்கும் தம்பி தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக்காரர். தெருவெல்லாம் கிறிஸ்தவர்கள் இருக்கும் ஊரில் பிறந்து, ஞாயிறுபள்ளி, வாலிபர் சங்கம் என்று வளர்ந்தவர். இப்போது கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிறார். அங்கே அவர் ஒருவர்தான் கிறிஸ்தவர். ஆயுத பூஜைக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் வசூல் நடக்கிறது. அன்றைக்கு விடுப்பு எடுத்துவிடலாமா, பழனிக்கும் சபரிமலைக்கும் போய்வந்தவர்கள் நீட்டும் பிரசாதத்தை என்ன செய்வது, அறையில் உடன் தங்கியிருக்கும் மூவர் முன்னால் ஜெபிப்பதா, ஒளிந்து ஜெபிப்பதா என்று கேட்கிறார். அம்மா தொலைபேசியில் பேசும்போதெல்லாம் “அவர்கள் நடுவிலிருந்து பிரிந்துபோங்கள்” என்ற வசனத்தை நினைவூட்டுகிறார்களாம்.

விடுப்பு எடுக்க வேண்டாம், தம்பி. அன்றைக்கு மறைந்துகொண்டால் பட்டறைக்கு உங்களைப் பற்றித் தெரியப்போவது ஒன்றுதான்: பூஜை என்றால் காணாமல் போகிற ஆள்.

அம்மா சொல்லும் வசனம் 2 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால்தான் அது விளங்கும். அங்கே பவுல் ஒரு தவறான புரிதலைத் திருத்துகிறார். விபசாரக்காரரோடும் பொருளாசைக்காரரோடும் விக்கிரகாராதனைக்காரரோடும் கலவாதீர்கள் என்று நான் எழுதியது வெளியே இருப்பவர்களை நினைத்தல்ல, அப்படியென்றால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும் என்கிறார். சகோதரன் என்று பெயர் வைத்துக்கொண்டு அப்படி வாழ்கிறவனோடுதான் பந்தியில் உட்காரக் கூடாது. நம் சபைகள் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன. சுண்டல் பொட்டலத்தைக் கண்டு கூசுகிறோம். சபைப் பணத்தில் கை வைத்தவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுகிறோம்.

பிரசாதக் கேள்வி கிறிஸ்தவத்துக்குப் புதிதல்ல. கொரிந்து, கிரேக்க நாட்டில் இரண்டு துறைமுகங்களை வைத்துப் பிழைத்த ரோம நகரம். கோவிலில் பலியிட்ட மிருகத்தின் ஒரு பங்கு பீடத்தில் எரியும், ஒரு பங்கு பூசாரிக்குப் போகும், மிச்சம் விருந்துக்கோ இறைச்சிக் கடைக்கோ போய்ச் சேரும். வைத்தியக் கடவுளான அஸ்கிளேப்பியஸின் கோவிலை அங்கே அகழ்ந்தபோது, சுவரோரம் சாய்விருக்கைகள் அமைத்த விருந்து அறைகள் கிடைத்தன. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டில் கைரேமோன் என்பவர், செராப்பிஸ் கோவிலில் ஆண்டவர் செராப்பிஸின் பந்தியில் சாப்பிட, நாளை 15ஆம் தேதி ஒன்பதாம் மணிக்கு வரும்படி யாரையோ அழைக்கிறார். நம் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. உறவும் நட்பும் தொழில் தொடர்பும் அந்தப் பந்தியில்தான் இருந்தன. போகாதவனுக்கு இழப்பு உண்டு.

இதற்குப் பவுல் ஒரே வரியில் தடை போட்டிருக்கலாம், போடவில்லை. அதே முதல் நிருபத்தில் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரங்கள் செலவழித்து இடத்துக்கு இடம் பிரித்துச் சொல்கிறார். கோவில் பந்தியில் உட்கார்ந்து அந்த வழிபாட்டில் பங்காளி ஆகாதே. கடையில் விற்கிற இறைச்சியை ‘இது எங்கிருந்து வந்தது’ என்று துருவாமல் வாங்கிச் சாப்பிடு. அவிசுவாசி வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால், போக மனமிருந்தால் போ, வைத்ததைச் சாப்பிடு. ஆனால் ‘இது படைத்தது’ என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் சாப்பிடாதே. உன் மனச்சாட்சிக்காக அல்ல, சொன்னவருடைய மனச்சாட்சிக்காக. அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். நீ எவ்வளவு சுத்தமாக இருக்கிறாய் என்பதைவிட, உன் செயலை எதிரில் இருப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதைத்தான் பவுல் எடை போடுகிறார்.

இதைப் பட்டறைக்குக் கொண்டுவருவோம். இருநூறு ரூபாய் எங்கே போகிறது என்று பாருங்கள். பெயிண்ட், துடைக்கிற துணி, பூசணிக்காய், மாலை, பொரி, கடலை, மத்தியானச் சாப்பாடு. நீங்கள் முந்நூறாகக் கொடுங்கள். சாப்பாட்டுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். நூறு ரூபாய் அதிகம் கொடுத்தவனைப் பார்த்துக் காசை மிச்சம் பிடிக்க மதத்தைச் சொல்கிறான் என்று யாரும் பேச முடியாது. முந்தின நாள் எல்லோரோடும் நின்று இரும்புச் சுருளை வாரி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, உங்கள் லேத்தை மற்ற எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று வையுங்கள். முதலாளி வந்து அதில் சந்தனமும் குங்குமமும் வைத்தால் வைக்கட்டும். லேத் அவருடையது. மறுநாள் வந்து வேகவேகமாக அதைத் துடைத்தெடுப்பதும் வேண்டாம். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று எழுதியவரைத்தானே நாம் வாசிக்கிறோம்? கற்பூரத் தட்டு வரும்போது நீங்கள் தொட்டு ஒற்றிக்கொள்ள மாட்டீர்கள், குங்குமம் வாங்க மாட்டீர்கள். அதை மேஸ்திரியிடம் இரண்டு நாள் முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள். “அண்ணே, நான் கூடவே இருப்பேன், வேலை எல்லாம் செய்வேன், கும்பிட மட்டும் மாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள்” என்றால் போதும். எல்லோர் முன்னாலும் தட்டு நீளும் நேரத்தில் முதன்முதலாக மறுப்பதுதான் அவமானம். நின்றால் மரியாதையாக நில்லுங்கள். கையைக் கட்டிக்கொண்டு முறைக்க வேண்டாம்.

மலைக்குப் போய்வந்த பிரசாதம் பவுல் சொன்ன நாலாவது நிலைமைதான். கொடுப்பவர் என்னவென்று சொல்லித்தான் கொடுக்கிறார். கத்தோலிக்கர் பலரும் சீர்திருத்த சபையார் சிலரும் அன்பின் அடையாளமாக அதை வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் வாங்குவதில்லை. மறுத்தால் மனம் புண்படும் என்ற பயம் நம் ஊரில் பெரும்பாலும் தேவையற்றது. கார்த்திகையில் மாலை போட்டவர் எத்தனை விஷயங்களை வேண்டாம் என்கிறார், யாராவது கோபித்துக்கொள்கிறார்களா? கிறிஸ்துமஸ் கேக்கில் முட்டை இருக்கிறது என்று தள்ளிவைக்கும் ஐயங்கார் நண்பர் எனக்கும் உண்டு, நானும் கோபித்ததில்லை. விரதம், ஆசாரம், நேர்ச்சை என்றால் என்னவென்று இந்த மண்ணுக்குத் தெரியும். மனம் புண்படுவது நாம் மறுக்கும்போது வைத்துக்கொள்ளும் முகத்தால்தான். “எங்கள் வழக்கத்தில் இல்லை, அண்ணே. ஏற்றம் எப்படி இருந்தது, முழங்கால் வலி தாங்கியதா?” என்று அவர் பயணத்தைக் கேளுங்கள். பத்து நிமிடம் சொல்வார்.

சனிக்கிழமை இரவு மதுக்கடைக்குக் கூப்பிடுவதைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். போக வேண்டாம். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு. இதிலேயே நின்றுவிட்டால் நாம் மலிவாகத் தப்பித்துவிடுகிறோம்.

பேதுரு தம் முதல் நிருபத்தை பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா நாடுகளில் சிதறியிருந்தவர்களுக்கு எழுதினார். புறஜாதிகள் உங்கள் நற்கிரியைகளைக் கண்டறியட்டும் என்று அதில் சொன்னார். அதே பித்தினியாவுக்கும் பொந்துவுக்கும் பிளினி என்பவர் ரோம ஆளுநராக வந்தார். 112ஆம் ஆண்டு வாக்கில் அவர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்களை விசாரித்து, இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து அவர் கண்டுபிடித்த ‘குற்றம்’ இதுதான்: குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள், பிறகு ஒரு உறுதிமொழி எடுக்கிறார்கள். திருடமாட்டோம், கொள்ளையடிக்கமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், கொடுத்த வாக்கை மீறமாட்டோம், நம்மை நம்பி ஒப்படைத்த பொருளைக் கேட்கும்போது இல்லையென்று சொல்லமாட்டோம். கோவில்கள் ஏறக்குறைய வெறிச்சோடின, பலி இறைச்சியை வாங்குவோர் அரிதாகவே இருந்தார்கள் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. ஆக, இறைச்சி விஷயத்திலும் அவர்கள் உறுதியாகத்தான் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவர்கள் ஒருவருக்கொருவர் ஆணையிட்டுக்கொண்டது கொடுக்கல் வாங்கலையும் வாக்கையும் படுக்கையையும் பற்றி. ஞாயிறு என்று பிளினி எழுதவில்லை, அது என் ஊகம்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தீபாவளிக்கு முந்தைய வாரம் கடன் வாங்கியவர்கள் இனிப்புப் பெட்டியோடு வருவார்கள். மேலே மைசூர்பாகும் ஜாங்கிரியும் அடுக்கியிருக்கும். அடியில் இருக்கும் அட்டையைத் தூக்கினால் சில பெட்டிகளில் கவர் இருக்கும். ஒரு கிளையில் எனக்கு மேலாளராக இருந்தவர் நெற்றி நிறைய விபூதி பூசும் சைவர். பெட்டியை வாங்கியதும் கொடுத்தவர் எதிரிலேயே மேசையில் வைத்துத் திறப்பார், அட்டையைத் தூக்கிப் பார்ப்பார். கவர் இருந்தால் பெட்டியோடு திரும்பப் போகும். இல்லையென்றால் அங்கேயே கடைநிலை ஊழியர்வரை எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு. அதே கிளையில் சரஸ்வதி பூஜைச் சுண்டலை விரலால்கூடத் தொடாத நம்மவர் ஒருவர் இருந்தார். அவர் தமக்கு வந்த பெட்டிகளைத் திறக்காமலே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். இருவரில் யாருடைய தெய்வத்தைப் பற்றி அந்தக் கிளையில் உயர்வாகப் பேசினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்ற பழமொழியை அங்கே நம்மவருக்காகத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையை முதல் தமிழ் நாவலோடு சேர்த்து எல்லோருக்கும் தெரியும். 1826இல் பிறந்த கத்தோலிக்கர், தேவமாதா மேல் பக்திப் பாடல் எழுதியவர், தம் நம்பிக்கையை யாரிடமும் மறைத்தவரல்ல. சுற்றிலும் சைவ மடங்களும் வித்துவான்களும் இருந்த ஊர். நீதிமன்றப் பதவியில் இருந்துகொண்டே லஞ்சத்தைச் சாடிக் கீர்த்தனை பாடினார். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சொந்தப் பணத்தைப் போட்டு ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். நந்தன் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சிவபக்தர், இந்தக் கிறிஸ்தவர் மேல் ஒரு கீர்த்தனை பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவரைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து ஒரு கோவை நூலே இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனத்தோடு இவருக்கு இருந்த நட்பைத் தமிழ் இலக்கிய வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. இவர்களில் யாரும் மற்றவரின் மதத்துக்கு மாறவில்லை. இவர் எந்த மதம் என்ற குழப்பமும் யாருக்கும் இருக்கவில்லை.

இப்போது நம் சபைகளில் அதிகம் பேசப்படாத இடத்துக்கு வருகிறேன். எதில் வேறுபட வேண்டும், எதில் ஊரோடு ஒத்துப்போகலாம் என்ற கேள்வியை இந்த மண்ணில் முதலில் பெரிய அளவில் எழுப்பியவர் ராபர்ட் தெ நொபிலி. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி. காவி உடுத்தி, இறைச்சியை விட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் மத அடையாளமல்ல, சமூக வழக்கம் என்று வாதாடினார். 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். உடையிலும் உணவிலும் மொழியிலும் அவர் சொன்னது சரியென்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதே ‘சமூக வழக்கம்’ என்ற கணக்கில் சாதியும் சபைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சீர்திருத்த சபைகளும் தப்பவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையில் அடியோடு விட்டொழிக்க வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தைச் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்தே கட்டினார்கள். நடுச்சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது.

சுவர் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமக்கள் தேவை பகுதியைப் பாருங்கள். சபையின் பெயரும் சாதியின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ‘ஆவிக்குரிய பெண்’ வேண்டும், அதுவும் இன்ன சாதியில் வேண்டும். நகையும் ரொக்கமும் பேசி முடித்த பிறகுதான் ஜெபம் செய்து நிச்சயம் பண்ணுகிறார்கள். பொட்டு வைக்காத நெற்றியை வைத்து நம் பெண்களை எந்த அலுவலகத்திலும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். வரதட்சணை வாங்காத மாப்பிள்ளை என்று நம் பையன்களை யாராவது அடையாளம் கண்டிருக்கிறார்களா? பூவும் பொட்டும் விடுவதற்குச் செலவில்லை. சாதியையும் வரதட்சணையையும் விட்டால் சொந்தக்காரர்கள் பேசமாட்டார்கள், சொத்தில் கை வைப்பார்கள். கொரிந்து சபையாருக்குக் கோவில் பந்தி எப்படி இருந்ததோ, நமக்கு இது அப்படி. தம்பி, உங்களுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறையில் எல்லோரும் உங்கள் கல்யாணத்துக்கு வருவார்கள். கற்பூரத் தட்டைத் தொடாதவன் எவ்வளவு வாங்கினான் என்று அன்றைக்குக் கணக்குப் பார்ப்பார்கள். பார்ப்பதில் தவறும் இல்லை.

சாட்சி சொல்வதைப் பற்றி. சாப்பாட்டு இடைவேளையில் கைப்பிரதியை எல்லோர் பையிலும் செருகிவைக்கும் யோசனை உங்கள் நண்பர் கொடுத்ததாகச் சொன்னீர்கள். எனக்கு உடன்பாடில்லை. எபேசுவில் பவுல் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். தியானாள் தேவிக்கு வெள்ளியில் சிறு கோவில்கள் செய்து விற்கும் தன் தொழில் கெடுகிறது என்று தட்டான் தெமேத்திரியு கலகம் கிளப்பினான். அப்போது கூட்டத்தை அமர்த்திய நகரச் சம்பிரதி, கிறிஸ்தவன் அல்லாதவன், இந்த மனிதர் கோவிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்லர், உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்லர் என்று சாட்சி சொல்கிறான். அப்போஸ்தலர் 19இல் இருக்கிறது. அவ்வளவு காலம் பிரசங்கித்தும் அடுத்தவர் தெய்வத்தை இழிவாகப் பேசினார்கள் என்று ஒரு அதிகாரி சொல்ல முடியவில்லை. கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் பேதுருவும் எழுதுகிறார். முதலில் அவர்கள் கேட்க வேண்டும். கேட்கும்படி நீங்கள் பழகியிருக்க வேண்டும். மேஸ்திரியின் தகப்பனார் இறந்தால் துட்டி வீட்டுக்குப் போங்கள், பாடைக்குத் தோள் கொடுங்கள், சடங்கு நடக்கும்போது ஓரமாக நில்லுங்கள். ஆஸ்பத்திரியில் யாராவது படுத்தால் ஒரு ராத்திரி துணைக்குத் தங்குங்கள்.

சூழ்நிலை நெருக்கும்போது எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்துவிட முடியாது என்பதும் வேதத்தில் இருக்கிறது. சீரியப் படைத்தலைவன் நாகமான் இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட பிறகு எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு பணியும்போது நானும் குனிய வேண்டிவரும், கர்த்தர் அதை மன்னிப்பாராக. எலிசா அதற்கு வியாக்கியானம் எதுவும் செய்யாமல், சமாதானத்தோடே போ என்று அனுப்பிவைத்தான். புதிதாக விசுவாசத்துக்கு வந்து, குடும்பமெல்லாம் வேறு வழியில் இருக்க, வீட்டுப் பூஜையறை வாசலில் தவிக்கும் பெண்களுக்கு நான் இந்தப் பகுதியைத்தான் வாசித்துக் காட்டுவேன். தலைமுறைக் கிறிஸ்தவரான உங்களுக்கும் எனக்கும் அந்தச் சலுகை அவ்வளவு எளிதில் பொருந்தாது.

அறையில் ஜெபிப்பது. தானியேல் பாபிலோனில் பேல் தெய்வத்தின் பெயர் கலந்த புதுப் பெயரை ஏற்றுக்கொண்டான், கல்தேயரின் மொழியையும் எழுத்தையும் படித்தான், ராஜாவின் உணவை மட்டும் மறுத்தான். பின்னாளில் அவனைக் கவிழ்க்கப் பார்த்தவர்கள் ராஜ்யக் கணக்கைத் துருவியும் ஒரு குறையும் கிடைக்காமல், கடைசியில் அவனுடைய ஜெபத்தில்தான் கை வைக்க முடிந்தது. தடை வந்த அன்று அவன் புதிதாக ஜன்னலைத் திறக்கவில்லை. முன்பு செய்துவந்தபடியே மூன்று வேளை முழங்கால் போட்டான். நீங்களும் ஊரில் எப்படி ஜெபித்தீர்களோ அப்படியே செய்யுங்கள். பாயில் உட்கார்ந்து வேதத்தை விரித்து வாசியுங்கள், அவர்கள் தூங்கும் நேரமென்றால் விளக்கைப் போடாமல் வெளித் திண்ணைக்குப் போங்கள், சத்தம் போட்டு ஜெபிக்க வேண்டுமென்றால் அறையில் ஆளில்லாத நேரமாகப் பாருங்கள். இரவுப் பணி வாரத்தில் ஞாயிறு காலை ஆராதனை தவறும்; கோயம்புத்தூரில் மாலை ஆராதனை வைக்கும் சபைகள் இருக்கின்றன, ஒன்றைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள். அறைவாடகையில் உங்கள் பங்கை ஒன்றாம் தேதியே கொடுத்துவிடுங்கள்.